பரண் அறை

1981ஆம் வருஷம் மார்கழியில் ஒரு நாள், காலை ஏழரை மணிக்குப் பரண்மேல் நின்றவர்கள் நான்கு பேர். மில்லில் இராத்திரி ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்த தெய்வசிகாமணி. அவர் மகன் இராமதாஸ். அச்சகத்தில் வேலை, தையில் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் கோவிந்தராசு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பரணை அறையாக்கிக்கொண்டிருந்த ஆசாரி அம்மாவாசை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிகாமணியின் மனைவி ராஜாம்பாளையும் சேர்த்தால் ஐந்து.

மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பதால், கோவிந்தராசு சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஷூவைக் கழற்றாமல் பலகைமேல் இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். பலகை தாங்கியது.

"தனி ரூம் கேட்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. கீழ ஒரே ரூம்ல நாலு பேரு எப்படிப் படுக்கறது?"

"மூணு பேருதாங்க. ராத்திரியில நான் இல்ல" என்றார் சிகாமணி.

ஒன்பது வருஷமாக அவர் இராத்திரியில் வீட்டில் இல்லை. வாணரப்பேட்டையில் அந்த ஓட்டு வீட்டுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மகள்கள் இரண்டு பேரும் பெரியவர்களானபோது அவரே போய் நிரந்தர இராத்திரி ஷிப்டு கேட்டு வாங்கினார். படுக்கிற இடத்தில் ஒரு ஆள் குறையும், சம்பளத்தில் படி கூடும். மகள்கள் கட்டிக்கொண்டு போன பிறகும் ஷிப்டு மாறவில்லை.

இப்போது அவர் யோசித்ததும் மில்காரன் யோசனைதான். ஒரு மிஷின் மூன்று ஷிப்டு ஓடுகிறது. ஒரு அறை இரண்டு ஷிப்டு ஓடாதா? இராத்திரியில் பரண் பிள்ளைக்கு, பகலில் அவருக்கு. மாமனார் வேட்டி விலகிக் கிடக்கிற இடத்தில் புது மருமகள் எப்படி நடமாடுவாள்?

"அண்ணே, ஓட்டுக்கு அடியில பலகை அடிச்சிடலாம். இல்லன்னா வெயில்ல வெந்துடுவீங்க. அறுநூறு ஆவும்" என்றான் அம்மாவாசை.

ஏற்கெனவே மில் சொசைட்டியில் ஆயிரத்து எண்ணூறு கடன். மாதம் எழுபத்தைந்து வீதம் இரண்டு வருஷம் பிடிப்பார்கள். இராத்திரிப் படி அதற்குச் சரியாகப் போய்விடும். சிகாமணி கையைத் தூக்கி ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"குளுருதுய்யா. இதுக்குப் போயி அறுநூறா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாக அவர் உச்சி வெயிலைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணி என்றால் அவருக்கு மில் சங்கு ஊதுகிற இருட்டு.

பங்குனி பிறந்ததும் தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்கு ஓடு சுடும். பத்து மணிக்குப் பாய் சுடும். ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்தார். துண்டு காய்ந்ததே தவிர தூக்கம் வரவில்லை. கீழே இறங்கினால் ஜன்னலோரம் மருமகள் சுலோசனா கை மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள். அவர் கால் ஏணியில் தெரிந்ததுமே மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, சமையல்கட்டில் போய் நிற்பாள். அவர் திரும்பி ஏறுகிற வரைக்கும் நிற்பாள். அவர் தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி ஒரு சொம்பு குடித்துவிட்டு ஏறிவிடுவார்.

மில்லில் நின்றபடியே தூங்கினார். ஒரு தடவை நூல் அறுந்து சுற்றிக்கொண்டது. அடுத்த தடவை நெற்றி மிஷினில் இடிக்க ஒரு விரல் பாக்கி இருந்தபோது மேஸ்திரி அரிகிருஷ்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ் சிகாமணி, இது ரெண்டாவது. இன்னொரு தடவை பார்த்தா எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் கேட்டுக்கு வெளிய போயி ஆசை தீரத் தூங்கலாம்."

வீட்டுக்கு வந்து ராஜாம்பாளிடம் மெதுவாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும்.

"பகல் ஷிப்டு கேளுங்களேன்."

"படி போயிடும். பரண் கடனை எவன் கட்டறது?"

மறுநாள் காலை அவர் வந்தபோது வாசலிலேயே இரண்டு பெண்களும் நின்றார்கள். சுலோசனா இடுப்பில் கை மிஷின். ராஜாம்பாள் கையில் முறமும் முறத்தில் கீரைக் கட்டும். உள்ளே, மிஷின் இருந்த இடத்தில் பாய் விரித்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"அத்தை, மாமாவைக் கீழயே படுக்கச் சொல்லுங்க" என்றாள் சுலோசனா. மாமா இரண்டடி தள்ளி நின்றார்.

"கேட்டுதா?" என்றாள் ராஜாம்பாள்.

"கேட்டுது. நீங்க எங்க போறீங்க?"

"எதிர்ல, அங்கம்மா வீட்டுக்கு. சோறு அடுப்பு மேல இருக்கு. தோட்டத்துக் கதவு தெறந்திருக்கு, கொல்லைக்குப் போறதுன்னா போங்க."

"துணி குடுக்க வர்றவங்க தட்டிக்கிட்டே இருப்பாங்களே."

"பூட்டு தொங்கினா எவ தட்டுவா?"

அவர் பரணை அண்ணாந்து பார்த்தார்.

"மேல மொளகா போட்டிருக்கு" என்றாள் ராஜாம்பாள். "ஆயிரத்து எண்ணூறு ரூபா செலவு பண்ணி மொளகா காயவைக்கறது இந்த ஊர்ல நாமதான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆள் தூங்க இரண்டு பேர் வீட்டை விட்டுப் போகிறார்கள். வீட்டில் இடம் பண்ணத்தான் இவ்வளவும்.

"தெனமும் சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க வீட்டுல ஒக்காந்திருப்பீங்களா? எத்தனை நாளைக்கு?"

ராஜாம்பாள் பதில் தேடினாள். சுலோசனா தேடவில்லை.

"கடன் இருபத்திரெண்டு மாசந்தான் பாக்கின்னு சொல்லுங்க அத்தை."

அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உள்ளே போனார். சிமெண்டுத் தரை காலுக்குச் சில்லென்றிருந்தது. பின்னால் கதவைச் சாத்தினார்கள். நாதாங்கி விழுந்தது, பூட்டில் சாவி ஒரு தடவை திரும்பியது.