பக்கத்து சீட்டு பிரேக்

வேலையை விட்ட மூன்றாம் மாதம் அண்ணிக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வலிக்காமல் என்ன செய்யும்? கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது இப்போது அவள் தொழில். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஆபத்துக்கு மட்டும் மிதிக்க வேண்டியவை. ஆனால் அண்ணியின் கணக்கில் ஆபத்து நிமிஷத்துக்கு நாலு. எதிரே பஸ் வந்தால் ஒரு மிதி, புறா இறங்கினால் ஒரு மிதி, காற்றில் உருண்டு வரும் பிளாஸ்டிக் பைக்கும் ஒரு மிதி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பதினாறு வருஷம் காப்பீட்டு அலுவலகத்தின் விபத்துப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். அங்கே அவள் படித்ததெல்லாம் மோதியவர்களின் கதை. மோதாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு எந்த அலுவலகமும் கோப்பு திறப்பதில்லை.

பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி கழுத்து சுளுக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். இன்னொருத்தி காரணமே சொல்லாமல் நின்றாள். மிச்சம் இருந்தது நாத்தனார் மட்டும்தான். கணவனின் தங்கை, முடிதிருத்தும் நிலையம் வைத்திருப்பவள், வாய்த்துடுக்கு அதிகம். "குடும்பத்துக்குன்னு ஒரு பலி ஆடு வேணும்ல அண்ணி, அது நானாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லித்தான் சேர்ந்தாள்.

இதற்கிடையில் பழைய மேலாளர் வேறு போன் பண்ணினார். "உங்க சீட்டைக் காலியாத்தாம்மா வெச்சிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள வந்தீங்கன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." நல்ல மனுஷன். அவர் நல்லவராக இருந்ததுதான் அண்ணிக்குத் தொல்லையாகப் போயிற்று. கெட்டவராக இருந்தால் ரோஷத்திலாவது காலம் தள்ளியிருப்பாள். மாசக் கடைசி அன்றுதான் நாத்தனாருக்கு லைசென்ஸ் தேர்வு; அதை அவரிடமும் சொல்லி வைத்தாள். அவள் பாஸ் பண்ணினால் தொழில், இல்லையென்றால் பழைய சீட். இப்படி ஒரு முடிவை அண்ணி தனக்குள் எடுத்து வைத்திருந்தாள். அந்த முடிவை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் காலை கடைசி வகுப்பு. நாத்தனார் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். அதாவது, கார் நின்றது.

"எப்படி அண்ணி ஓட்டினேன்?"

"பிரேக் போடறதுல நல்லாவே முன்னேறிட்ட."

"நான் பிரேக்கையே தொடலையே."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டைவிட்டுக் கிளம்பினதுலேர்ந்து ஒரு தடவைகூடத் தொடல. சும்மா சோதிச்சுப் பாத்தேன். சிக்னல்ல நிறுத்தினது நீங்க, பள்ளிக்கூடத்து வாசல்ல நிறுத்தினது நீங்க, இப்ப இந்த மரத்தடியில நிறுத்தினதும் நீங்கதான். நாளைக்கு அந்த சீட்ல அதிகாரி உக்காருவாரு. அவரு எனக்காக மிதிப்பாரா?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆக, மூன்று மாதமாக அவள் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"நான் ஆபீஸ் சீட்டுக்கே போயிடறேன்டி. எனக்கு இது வராது" என்றாள்.

"ஆபீஸ்ல மூணு பேருக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லிக் கொடுத்தீங்களே, அவங்க இன்னைக்கும் ஓட்டறாங்கல்ல? அது அவங்கவங்க சொந்தக் கார். அப்ப உங்க பக்கம் பிரேக் இருந்துச்சா?"

இல்லை. அண்ணி குனிந்து தன் பக்கத்து பிரேக்கைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டுங்க. காலை மேல தூக்கி வெச்சுக்கங்க."

நாற்பத்திரண்டு வயதில், காலை நேரத்தில், நடுத்தெருவில், பயிற்சிக் காரின் முன்சீட்டில் அண்ணி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஏதோ பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. கார் கிளம்பியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணைத் திறங்க, பயந்தா சம்பளம் கிடையாது" என்றாள் நாத்தனார்.

கடைத்தெருவில் நின்றிருந்த ஒரு வேனின் கதவு பட்டென்று திறந்தது. அண்ணியின் கால் மடிப்புக்குள்ளேயே துடித்தது. அதற்குள் கார் மெதுவாகி, வேனுக்கு நாலடி முன்னால் அலுங்காமல் நின்றுவிட்டது. நாத்தனார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, அப்புறம்தான் கால். உதைக்காதே, அழுத்து." வார்த்தைக்கு வார்த்தை அண்ணி சொல்லிக் கொடுத்தது. உள்ளே போகத்தான் போயிருக்கிறது. வெளியே வரத்தான் அண்ணி வழி விடவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கால் வேறு மரத்துப் போயிருந்தது.

மறுநாள் தேர்வு மைதானத்தின் ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். பிரேக் எல்லாம் கச்சிதம். ஆனால் பின்பக்கமாக வண்டியை நிறுத்தும்போது நாத்தனார் இரண்டு கம்பங்களை அநியாயமாகச் சாய்த்துவிட்டாள். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

நாத்தனார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் போன் அடித்தது. மேலாளர்தான்.

"என்னம்மா, இன்னைக்குக் கடைசி நாள். சீட்டை என்ன பண்றது?"

"வேற யாருக்காவது கொடுத்துடுங்க சார்."

"அட, அப்ப உங்க நாத்தனார் பாஸா?"

"ஃபெயில் சார். அவளுக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுக்கணும். எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள் அண்ணி.