உருளைக்கிழங்கு தெரிந்த தூரம்

ஜெனோவாவின் சான் லொரென்சோ பேராலயத்துக்குள் நுழைந்து வலப்பக்கம் திரும்பியதும் அந்தக் குண்டு நின்றது. இடுப்புக்கு மேலே உயரம், துரு நிறம். போர்க்காலத்தில் கடலிலிருந்து சுடப்பட்டு, கோயிலைப் பொத்துக்கொண்டு விழுந்து, வெடிக்காமல் போன குண்டு. நெமேசியோ வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டான். அடப்பாவி, நிஜமாகவே இருக்கிறதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவைக் குறி போட்டது. கடவுளுக்குப் போட்டதா குண்டுக்குப் போட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீதானே இதைப் பத்தி எனக்கு எழுதினே? இப்பத்தான் பாக்குறவன் மாதிரி முழிக்கிறே?" என்றாள் அவன் மனைவி பெலிசா.

"கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு."

"குண்டு வளருமா?"

பெலிசா கைப்பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, குண்டையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்து, பரீட்சைத் தாளில் சரி போடுவதுபோல் பென்சிலால் ஒரு குறி போட்டாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நெமேசியோவின் புளுகு இருபத்திரண்டு வருஷம் தாக்குப்பிடித்திருந்தது. அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். கப்பல் ஐரோப்பாவின் எந்தத் துறையில் நின்றாலும் பதினாலு மணி நேரம், மிஞ்சினால் பதினெட்டு. பளுதூக்கி எந்திரங்கள் பெட்டியை இறக்கி ஏற்றுவதற்குள் இருபத்திரண்டு வாய்க்கு மூன்று வேளை வடிக்க வேண்டும். மிச்சம் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் துறைமுக வாசலில் உள்ள மாலுமிகள் மன்றத்துக்கு ஓடி, ஒரு போன் பேசி, ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு ஓடி வருவான். ஜெனோவா, வெனிஸ், லிவோர்னோ எல்லாம் அவனைப் பொறுத்தவரை ஒரே ஊர்: தகரப்பெட்டி அடுக்கும், மஞ்சள் விளக்கும். ஆனால் கடல் தாண்டித் தன் சொந்த ஊரான இலோய்லோவில் மூன்று பிள்ளைகளோடு காத்திருந்தவளுக்கு அதை எப்படி எழுதுவது? ஆகவே, ஊர் சுற்றியதாக எழுதினான்.

ஜெனோவாவைப் பற்றி எழுத அவனுக்கு ஒரு ஆள் கிடைத்தான். பெட்டிகளைக் கம்பி போட்டுக் கட்ட வருகிற பாச்சிச்சா என்ற கிழட்டுத் தொழிலாளி. சமையலறை வாசலில் உட்கார்ந்து, புளிப்பாக வேகவைத்த பன்றிக்கறியும் சோறும் தின்றுவிட்டு, கூலியாகக் கதை சொல்வான். கோயிலுக்குள் வெடிக்காத குண்டு இருக்கிறதாம். தெருவிலிருந்து ஒரு சுரங்கத்துக்குள் போனால் மலைக்குள்ளேயே ஒரு லிஃப்ட் இருக்கிறதாம், நேரே ஊரின் தலைமேல் கொண்டுபோய் விடுமாம். துறைமுகத்தில் எவன் உண்மை பேசுவான்? எல்லாம் அளப்பு என்றே நெமேசியோ நினைத்தான். அளப்பாக இருந்தால் என்ன, அழகாக இருந்தது. 'நான் பார்த்தேன், நான் ஏறினேன்' என்று மாற்றிப்போட்டு அனுப்பிவிட்டான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெலிசா பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். ஐரோப்பா பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு புருஷன் கடிதத்தைத் திறப்பாள். வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள், அதில் பாதிப்பேர் மாலுமி வீட்டுப் பிள்ளைகள். அடுத்த வருஷம் அவளுக்கு ஓய்வு. முழங்கால் போய்க் கப்பலை விட்ட நெமேசியோ இரண்டு வருஷமாக மிலானில் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறான். அவனைப் பார்க்க இரண்டு வார விடுப்பில் வந்தவள் கடிதங்களை எல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு, இலோய்லோவில் பிற்பகல் மூன்று மணிக்கு, வகுப்புப் பிள்ளைகளோடு வீடியோவில் பேச வேண்டும். அந்த லிஃப்ட்டுக்கு மேலே நின்று பேசுவதாக அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வெனிஸையும் லிவோர்னோவையும் அவன் வாராந்திர விடுமுறைகளில் முன்னாடியே போய் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அங்கே அவளை ராஜா மாதிரி அழைத்துப்போனான். ஜெனோவா மிலானுக்குப் பக்கம். ஆனாலும் அங்கே மட்டும் போகவில்லை. மிக நீளமான கடிதங்கள் ஜெனோவாவைப் பற்றியவை. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பயந்தவன் தள்ளிப்போட்டான், தள்ளிப்போட்டவன் இன்றைக்கு மாட்டிக்கொண்டான்.

மதியம் துறைமுக ஓரத்து வளைவுகளுக்கடியில் கடலைமாவு அடை தின்றார்கள். விறகடுப்பில் தாம்பாளம் அளவுக்குச் சுட்டு, வெட்டி, காகிதத்தில் வைத்துத் தருகிறார்கள். மேலே கொஞ்சம் மிளகு, அவ்வளவுதான். பெலிசா இரண்டாம் தடவையும் வாங்கினாள். குண்டு கிடைத்த தெம்பில் நெமேசியோவும் நன்றாகச் சாப்பிட்டான். பிறகு பொர்த்தெல்லோ சதுக்கத்துக்குப் போய், ஒரு கிழவியிடம் வழி கேட்டு, ஓடு பதித்த நீண்ட சுரங்கத்துக்குள் நடந்தார்கள். கோடியில் லிஃப்ட் இருந்தது. உள்ளே மரப்பலகை இருக்கை போட்டிருந்தது. கதவு மூடி அது மேலே கிளம்பியபோது நெமேசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாச்சிச்சா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் பொய் என்று நினைத்து அவன் எழுதி அனுப்பியது அத்தனையும் சத்தியம்.

மேலே வந்தால் ஊர் முழுக்கக் காலடியில் கிடந்தது. சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகள், இடுக்கு இடுக்காகச் சந்துகள், மணிக்கூண்டுகள், தூரத்தில் கலங்கரை விளக்கம், கடல். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்றான். பெலிசா கடலைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். பிறகு கடிதத்தைப் பிரித்துப் படித்தாள்.

"'இந்த உயரத்துலேருந்து என் கப்பலைப் பாத்தேன். என் உதவியாள் கம்பி ஓரமா உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தான். கை ஆட்டினேன்.' உன் கப்பல் எந்தத் துறையில நிக்கும்?"

"ப்ராங்கிற துறையில. ஊருக்கு மேற்கால."

அவள் வரைபடத்தை விரித்துச் சுவர்மேல் வைத்து, விரல் கணுவால் அளந்தாள். இருபத்தொன்பது வருஷப் பழக்கம், தப்பாது.

"பன்னெண்டு கிலோமீட்டர். உருளைக்கிழங்கு தெரிஞ்சுதாக்கும்?"

நெமேசியோ வரைபடத்தைப் பார்த்தான். ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்தான். அங்கேயே, அந்த வெயிலில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தான் எங்கும் போகவில்லை என்றும், பாச்சிச்சா வாயால் பார்த்தது என்றும், ஒரு தகரப் பெட்டிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதக் கை வரவில்லை என்றும் சொன்னான். அவள் வரைபடத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். லிஃப்ட்டில் அவனுக்கு முதுகு காட்டி இறங்கினாள், ராத்திரி தன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாள். வெளியில் நல்ல குளிர், விடுதி அறைக்குள் அதைவிட.

காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு, "ப்ராவுக்கு எந்த ரயில்?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள். ரயில் கடலோரமாக ஓடியது. மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"பொய் சொன்னது கூடப் பரவாயில்ல. நான் உம்மேல பொறாமைப்பட்டேன்யா. பெரியவனுக்கு டெங்கு வந்தப்ப, கூரை பறந்தப்ப, இந்த மனுஷன் அங்க லிஃப்ட்ல ஏறிக் காத்து வாங்குறான்னு நெனச்சு நெனச்சு வயிறு எரிஞ்சேன். இருபத்திரண்டு வருஷம். அந்த வயித்தெரிச்சல் அத்தனையும் வீணா?"

"நான் சந்தோஷமா இருக்கேன்னு நீ நெனச்சா, நீயும் சந்தோஷமா இருப்பேன்னு நெனச்சேன் டீச்சரம்மா."

"பொம்பளையத் தெரியல உனக்கு. பூகோளமும் தெரியல."

ப்ராவில் இறங்கி, துறைமுகம் முழுசாகத் தெரிகிற இடம் எது என்று பார்த்து மலைச்சரிவில் ஏறினார்கள். அவன் முழங்கால் முனகியது. மணி எட்டாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கம்பிக்கதவு மறித்தது. உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் கொட்டகைகள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மாள் வெளியே வந்து, இது ஊர் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை, கோயில் குளம் பார்க்க டவுனுக்குப் போங்கள் என்று விரட்டினாள். கூலியைக் குறைத்துக்கொண்டாலும் முணுமுணுக்கிற உரிமையை விடாத மாலுமிகள் பிறந்த ஊர் என்பார்கள் ஜெனோவாவை. அந்த அம்மாள் அந்த உரிமையை முழுசாக அனுபவித்தாள்.

நெமேசியோ தொப்பியைக் கழற்றினான். மரியாதையாக ஒன்று கேட்கும்போது சேர்த்துக்கொள் என்று பாச்சிச்சா அவனுக்கு ஒரு ஜெனோவாச் சொல் கற்றுக்கொடுத்திருந்தான். மிலானில் அந்தப் பேச்சு இல்லாததால் அதை எடுக்க வாய்ப்பே வரவில்லை.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம், பெலின், இந்த மேட்டுல நின்னுக்கறோம், பெலின்," என்றான், மிலானில் பழகிய பாஷையில், பணிவாக.

அந்த அம்மாள் அப்படியே நின்றாள். அது ஆண்பிள்ளையின் அந்தரங்க உறுப்புக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"பாச்சிச்சா. கப்பல்ல பெட்டி கட்டுறவரு."

"அப்ப நீ துறைமுகத்து ஆளா?"

"சமையல்காரன். இந்தத் துறைக்கு மட்டும் எழுபது எண்பது தடவை வந்திருப்பேன்."

"கப்பல்காரனா." அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். "எங்க கடற்கரையத் தின்னுதானே உங்க துறைமுகம் வந்துச்சு. உள்ள வா. உனக்கும் நாலு திட்டு பாக்கி இருக்கு. என் பேரு ஜெம்மா."

கொட்டகைக்குள் கால் வைத்ததும் நெமேசியோ நின்றான். உள்ளே முழங்கால் உயரம்கூட இல்லாத பச்சைச் செடிகள், நம் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கைகள். ஊரே அரைத்துத் தின்கிற பச்சை விழுதுக்கு இலை இங்கிருந்துதான் போகிறது. அவன் மூக்கை உறிஞ்சினான்.

"இந்த வாசனை எனக்குத் தெரியும். காலம்பர ரொட்டி வேகப்போட்டுட்டுக் கதவத் தொறந்தா, மலையிலேருந்து இது வரும். டீசல் வாசனைக்கு நடுவுல. எங்கேருந்து வருதுன்னு தெரியாது."

பெலிசா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள். "இதை ஏன் எனக்கு எழுதல?"

"பேரு தெரியாததை எப்படி எழுதுறது?"

"இதைத்தான்யா நீ எழுதியிருக்கணும்," என்றாள் அவள். குரல் உடைந்தது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவன் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

எட்டு அடித்தது. மேட்டின் விளிம்பில் நின்று அவள் போனை நீட்டினாள். திரையில் நாற்பது முகம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

"பிள்ளைங்களா, ஜெனோவா பாடத்துல ஒரு இடத்துல டீச்சர் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். நோட்டை எடுங்க. லிஃப்ட் இருக்கு, குண்டும் இருக்கு. ஆனா அதையெல்லாம் பாத்ததா எழுதினவரு அதைப் பாக்கல. அவரு பாத்தது என்னன்னு அவரே சொல்லுவாரு." போன் நெமேசியோவின் கைக்கு வந்துவிட்டது.

முதலில் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். அப்புறம் அவன் கீழே பார்த்தான். அவ்வளவும் அவனுக்குத் தெரிந்த இடம். எந்தப் பளுதூக்கி வலப்பக்கம் இழுக்கும், காற்றடித்தால் எந்த மேடையில் வேலை நிற்கும், வாசலிலிருந்து மாலுமிகள் மன்றத்துக்கு எத்தனை எட்டு, அங்கே எந்த மூலையில் போன் கேட்கும், அதில் அழுதால் யார் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். விரலால் சுட்டிச் சுட்டிச் சொல்லச் சொல்ல அவன் தோள் விரிந்தது. வெனிஸில் ராஜா வேஷம் போட்டான். இங்கே வேஷம் தேவைப்படவில்லை. ஜெம்மாகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டு, மொழி புரியாவிட்டாலும், கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"சார், நீங்க லிஃப்ட்ல ஏறவே இல்லியா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஏறினேனே. நேத்து. உங்க டீச்சரோட."

வகுப்பு சிரித்தது. ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "சார், எங்கப்பா ரோட்டர்டாம்ல காத்தாலைக்குள்ள ஏறிப் பாத்தேன்னு சொல்றாரு. அதுவும் பொய்யா?"

அவன் பெலிசாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை.

"காத்தாலை அங்க இருக்கும்மா. அப்பா ஏறினாரான்னு எனக்குத் தெரியாது. ஏறலேன்னாலும், உன்னை நெனச்சுக்கிட்டேதான் அதைச் சொல்லியிருப்பாரு. அது எனக்குத் தெரியும். வந்ததும் கப்பல் சமையலறை என்ன வாசனை வரும்னு கேளு. அதுல பொய் சொல்ல வராது."

சிறுமி யோசித்தாள். பிறகு, "அங்க இப்ப கப்பல் நிக்குதா சார்? என்ன பேரு?" என்றாள். அவ்வளவுதான், வகுப்பில் அணை உடைந்தது. ஆளுக்கு ஒரு கப்பல் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அப்பாவின் கப்பல், மாமாவின் கப்பல், அண்ணன் போன மாசம் ஏறின கப்பல். போன் அவன் கையில் அதிர்ந்தது.

கீழே ஒரு பெரிய நீலக் கப்பல் இழுவைப் படகுகள் தள்ளத் தள்ள மெதுவாகத் துறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெம்மா உள்ளே போய், தினமும் கப்பல்களைப் பார்த்து வைவதற்காக வைத்திருந்த தொலைநோக்கியைக் கொண்டுவந்து அவன் மார்பில் இடித்தாள். பெலிசா போனை வாங்கிக்கொண்டாள். நெமேசியோ தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். கப்பலின் முகப்பு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

"சத்தம் போடாதீங்க," என்றாள் பெலிசா. "சார் படிக்கிறாரு."

நாற்பது பேரும் அடங்கினார்கள். வெயில் பட்ட நீலத் தகட்டில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவன் முதல் எழுத்தைச் சத்தமாகச் சொன்னான்.