சிமிட்டாத கண்

மின்னல் டாக்டர் கையுறையைக் கழற்றாமலேயே டீயை எடுத்துக் குடித்தார். சற்று முன்புதான் அதே கையால் ஓர் எருமையின் பின்பக்கத்தைக் குடைந்துவிட்டு வந்திருந்தார். டம்ளரின் விளிம்பில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. அது அவர் உதட்டில் படுமா படாதா என்று சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டது. மனிதர் அதை நக்கிவிட்டு அடுத்த வாய் குடித்தார்.

இந்த மகானைத்தான் அவளுடைய அக்கா கட்டிக்கொண்டிருக்கிறாள். படிப்பு முடிந்து வேலை இல்லாமல் இருந்தவளை, "எங்க வீட்டுலயே தங்கிக்கோடி, மாமாகூடவே வேலை கத்துக்கோ" என்று அழைத்ததும் அக்காதான். வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த ஆஸ்பத்திரியில் அவள் காணாத அசிங்கம் இல்லை. ஊசியைக் கால்சட்டையில் துடைத்து அடுத்த மாட்டுக்குக் குத்துவது, சாக்கடை அடைத்துக்கொண்டால் சீழையும் ரத்தத்தையும் விளக்குமாற்றால் வாசல் பக்கம் தள்ளுவது. கேட்டால், "மாட்டுக்கு என்ன ஏசி ரூமா கேக்குது?" என்று சிரிப்பார். ஊரே அவரை மின்னல் டாக்டர் என்று கொண்டாடியது. மாட்டை உள்ளே விட்டால் மின்னல் மாதிரி வேலையை முடித்து அனுப்பிவிடுவாராம். நல்லா கொண்டாடினார்கள் போங்கள்!

அன்றைக்கு ஒரு செவலைப் பசு வந்தது. கீழ் இமையில் ஒரு சதை வளர்ந்து, தக்காளி அழுகியது போலத் தொங்கியது. அதைச் சுற்றி ஈ. நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் அந்த நாற்றம் அவளுக்கு அருவருப்பாக இல்லை. நோய் நாறத்தான் செய்யும், அதற்குத்தானே படித்தது.

மாட்டுக்காரம்மா பசுவை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, தலைக்கயிற்றை இறுக்கிக் கட்டினாள். மாமா ஊசியோடு வந்தார். காதுக்கும் கண்ணுக்கும் நடுவே, எலும்பு மேட்டின் மேல், தோலுக்கடியில் ஒரே குத்து. அது என்ன ஊசி என்று சின்ன டாக்டருக்குத் தெரியும். இமையை மூட வைக்கிற நரம்பைச் செயலிழக்கச் செய்வது. கண்ணைப் பார்க்கும்போது மாடு சிமிட்டித் தொல்லை பண்ணாமல் இருக்கப் போடுவார்கள். வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலியைக் கொண்டுபோகிற நரம்பு வேறு. அதற்குக் கண்ணில் சொட்டு மருந்து விடவேண்டும், இமைக்குள் சுற்றிலும் ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை பொறுத்திருக்கவேண்டும். சரி, அடுத்து அதைப் போடுவார் என்று அவள் மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

மாமா அதை வாங்கவில்லை. சற்று நின்றுவிட்டு, பசுவின் கண்ணுக்கு முன்னால் விரலைச் சொடுக்கினார். இமை அசையவில்லை.

"பாத்தீங்களாம்மா? சிமிட்டுதா? சுத்தமா மரத்துப்போச்சு. இனி கண்ணையே நோண்டி எடுத்தாலும் அதுக்குத் தெரியாது."

"உங்க கை ராசி யாருக்கு வரும் டாக்டரய்யா!" என்று மாட்டுக்காரம்மா கும்பிட்டாள்.

கும்பிட்டவளின் தலைக்கு மேலே மாமா சின்ன டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரியாமல் செய்கிறார் என்றாலாவது சொல்லித் திருத்தலாம். இந்த ஆள் தெரிந்தே செய்கிறார். தூ!

"மாமா, இது வெறும் இமைக்குத்தானே?" என்று அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கே பாடமா? இன்னொரு ஊசி போட்டுட்டு யாரு தேவுடு காக்கிறது? வெளிய எத்தன மாடு நிக்குது பாரு. மாடு என்ன, வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லவா போகுது?" என்று முணுமுணுத்தபடி கத்தரியை எடுத்தார். அவர் வாயிலிருந்து அந்த எருமை வாடை அடித்தது.

அவள் பஞ்சை நூலாகத் திரித்து, பசுவின் கருவிழியை லேசாகத் தொட்டாள். இமை அப்படியே நின்றது. ஆனால் கண் உருண்டை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. சட்டம் கடகடவென்று ஆடியது. மூட முடியாத கண். அதற்கு எல்லாம் தெரிந்தது.

"என்ன டாக்டரம்மா, துள்ளுது? வலிக்காதுல்ல?" என்றாள் மாட்டுக்காரம்மா.

மாமா சின்ன டாக்டரை முறைத்தார். அந்த முறைப்பில் அக்கா இருந்தாள், தங்கியிருக்கும் வீடு இருந்தது, ராத்திரி சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரவேண்டிய அந்த முகம் இருந்தது. இல்லம்மா, வலிக்காது என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். கத்தரி சதைக்கு அருகே போய்விட்டது.

"வலிக்கும்," என்றாள் அவள். "இப்ப வெட்டினா உயிர் போற மாதிரி வலிக்கும். இந்த ஊசி சிமிட்டாம இருக்கத்தான். மரத்துப்போற ஊசி இனிமேதான் போடணும். கையை எடுங்க மாமா!"

மாமாவின் முகம் கறுத்தது. கத்தரியைத் தட்டில் விட்டெறிந்தார். "அப்ப நீயே பண்ணு, பெரிய மேதாவி! வீட்டுக்கு வா, உங்கக்காகிட்ட பேசிக்கிறேன்," என்று சுவரில் சாய்ந்து, கையுறையோடு தாடையைச் சொறிந்துகொண்டார்.

அவள் வேறு கத்தரியைக் கொதிநீரிலிருந்து எடுத்து வைத்தாள். சொட்டு மருந்து விட்டாள். இமைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். வெளியே மாடுகள் கத்தின, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தட்டும், பார்க்கட்டும். மறுபடி பஞ்சால் தொட்டபோது கண் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. வெட்டினாள். பசு அசைபோட்டுக்கொண்டே நின்றது. சதை முழுசாகக் கையோடு வந்தது. தையல் போட்டு முடித்தாள்.

"முடிஞ்சுதும்மா. கயிறை அவுத்துடுங்க."

மாட்டுக்காரம்மா அவிழ்க்கவில்லை. தட்டில் கிடந்த சதையையும் பசுவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அசைபோடுது," என்றாள்.

"வலி இல்லம்மா, அதான்."

"போன வருசம் இதோட தாய்க்கும் கண்ணுல இதே மாதிரி சதைய இங்கதான் வெட்டுனாரு. அது அசைபோடல. உடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்குச்சு. பயத்துல நடுங்குதுன்னாரு ஐயா." அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள். "அதுக்கு நீங்க எந்த ஊசி போட்டீங்க?"

"பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு? போய் வேலையப் பாரு. மாடுதானே, அதெல்லாம் அதுக்கு ஞாபகமா இருக்கப் போகுது?"

 

"இருந்துச்சே," என்றாள் மாட்டுக்காரம்மா. "வெட்டறப்ப என்னையேதான் பாத்துட்டு இருந்துச்சு. நான் அதோட தாடையப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணுமில்லடி, வலிக்காதுடின்னு சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் நான் கிட்ட போனாலே முட்ட வந்துச்சு. நன்றிகெட்ட சனியனேன்னு கட்டிவெச்சு அடிச்சேன் டாக்டரம்மா. அப்பவும் அடங்கல. கறிக்குத் தள்ளிவிட்டுட்டேன்."