மலைச்சாமிக்குச் சேராத சேதி

பாண்டிராஜ் பாஸ்டர் பதில் தெரியாமல் முழித்ததை ஆனையூர் சபையில் யாரும் பார்த்ததில்லை. சுவிசேஷத்தைக் கேட்காமலே செத்துப்போனவர்கள் கதி என்ன என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வசனத்தோடு பிடித்துக்கொள்வார். அவர்களுக்கு வேறு வழியே இல்லை, அதனால்தான் நாம் ஓடி ஓடிச் சொல்லவேண்டும் என்பார். சொன்னபடி ஊர் ஊராக மைக் கட்டிச் சொன்னவர்தான். சொந்த அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

சொந்த ஊரான பேரையூரில் குலசாமிக்குக் கிடா வெட்டிய அன்று வந்த வினை அது. அண்ணன் மலைச்சாமி பங்காளிகளை உட்காரவைத்து இலை போட்டார். புதிதாக ஞானஸ்நானம் எடுத்த வேகத்தில் இருந்த பாண்டிராஜ், சாமிக்குப் படைத்த கறியைத் தொடமாட்டேன் என்றார்.

“கறி வேணாம்னா ரசம் ஊத்திச் சாப்புடுடா பாண்டி. சாப்புட்டு முடிச்சு ஒன் சாமியப் பத்திச் சொல்லு, கேக்குறேன்” என்றார் மலைச்சாமி.

அருமையான மனுஷன். பாண்டிராஜுக்குத்தான் அன்று வைராக்கியம் கண்ணை மறைத்தது. இலையை விட்டு விருட்டென்று எழுந்து போய்விட்டார். பங்காளிகள் பார்க்கச் சோற்றை விட்டு எழுந்தால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த வருஷமே மலைச்சாமி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

அவர் மனைவி கனகா, மகளோடு இருக்க ஆனையூருக்கு வந்தாள். கொழுந்தன் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். ஒருநாள் தானாகவே ஞானஸ்நானம் வேண்டும் என்றாள். பாண்டிராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

முக்கி எடுத்து ஞானஸ்நானம் கொடுக்கச் சபைக்கென்று தொட்டி கிடையாது. ஒரு விசுவாசியின் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிதான். பாண்டிராஜ் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, வெள்ளைச் சேலையில் வந்த கனகா தொட்டி விளிம்பில் அப்படியே நின்றுவிட்டாள்.

“தம்பி, ஒங்க அண்ணே இப்ப எங்க இருக்காரு?”

சுற்றி நின்ற சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது.

“கேட்டுட்டு வேணாம்னா சொன்னாரு? அவரு இல்லாத எடத்துக்கு நான் மட்டும் எப்பிடிப் போவேன்?”

வசனம் நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் சொல்ல முடியவில்லை. சொந்த அண்ணனைத் தன் கையாலேயே நெருப்பில் தள்ளுவதுபோல் இருந்தது. பொய்யாக ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை.

“தெரியல மதினி” என்றார் கடைசியில். “அவரு கேக்குறேன்னுதான் சொன்னாரு. நான்தான் சொல்லாம எந்திரிச்சுப் போனேன். ஆண்டவரு விசாரிச்சா என்னயத்தான் விசாரிக்கணும்.”

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகா விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒங்க இலைய எடுக்கவிடல தம்பி. கோவம் தணிஞ்சு வருவான், வந்து சொல்லுவான்னு பாதையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

பாண்டிராஜ் தண்ணீரில் நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“எறங்குறதப் பெறகு பாப்போம்” என்றாள் கனகா. “அவருக்குச் சொல்ல வேண்டியத மொதல்ல சொல்லுங்க. அவருக்காக நான் கேக்குறேன்.”

பாண்டிராஜ் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“அண்ணே…” என்று ஆரம்பித்துத் திணறினார்.

இதுநாள் வரை கொழுந்தனை மரியாதை குறைத்துப் பேசாத கனகா, புருஷன் பேசுவதுபோலவே சொன்னாள்:

“ம்… சொல்லுடா பாண்டி.”