தவழ ஒரு புல்தரை

முடிதிருத்துபவர் கையில் கத்தரியை எடுத்தால் எந்தத் தலையும் அடங்கிவிடும். அவர் வீட்டு முன்னால் இருந்த புல்தரை மட்டும்தான் அடங்க மறுத்தது.

கடைக்கு விடுமுறை விட்ட நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லை ஒரே மட்டமாக வெட்டுவார். ஓரங்களைக் கிருதா எடுப்பதுபோல் நேராக எடுப்பார். நடுநடுவே தரையோடு படர்ந்திருந்த நெருஞ்சியையும் அதே மரியாதையோடு நுனி கத்தரித்து விடுவார். பத்தே நாளில் அது மஞ்சள் பூவும் முள்ளுமாக இன்னும் ஒரு முழம் ஓடியிருக்கும்.

“ஏங்க, உங்ககிட்ட ஒரு தடவ வெட்டிக்கிட்டவங்க வேற கடைக்குப் போறதே இல்ல. நெருஞ்சி மட்டும் போயிடுமா?” என்றாள் மனைவி.

“வேரோட பிடுங்குறது நம்ம தொழில் இல்லம்மா. முப்பது வருஷக் கை. வெட்டத்தான் போகுது.”

இப்படியே சிரித்துக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

“இன்னும் நாலு நாள்ல வர்றோம்பா. பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டா. இங்க வீடு பூரா வழுக்குற டைல்ஸ்தான். நம்ம புல்லுல விட்டுப் பாக்கணும்!”

பேத்தியை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. பூப்போன்ற அந்த உள்ளங்கையில் நெருஞ்சிமுள் ஏறினால்? அன்றே கடையில் எல்லோரிடமும் வழி கேட்டார். “மருந்தடிச்சா ஒரே நாள்ல கருகிடும்” என்றார் கடைக்கு வந்த ஒருவர். குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைக்குமே என்று அதையும் விட்டார். கையால் இழுத்துப் பார்த்தார். தண்டு அறுந்து கையோடு வந்தது. வேர் உள்ளேயே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவோடு இரண்டு மாதமாகப் பேச்சில்லை. “அண்ணே, உங்க முள்ளு என் ஸ்கூட்டரப் பஞ்சராக்குது” என்று அவள் சொன்னதும், “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்று இவர் சொன்னதும்தான் சண்டை. ஆனால் படுத்த படுக்கையாக இருந்த அவளுடைய மாமனாருக்கு வாரம் தவறாமல் சவரம் செய்துவிடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே போவார். திருப்பிக்கொண்டே திரும்பி வருவார்.

மனைவி மதில்மேல் சாய்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் காலையில் டாக்டரம்மா பழைய கத்தி ஒன்றோடு வந்து நின்றாள்.

“தள்ளுங்கண்ணே. பல்லு புடுங்குறவ வந்திருக்கேன்.”

அவர் ஒரு மணையை எடுத்துப் போட்டார்.

“முதல்ல தண்ணி ஊத்தி ஊறவிடணும். சுத்தி லேசா நெம்பணும். ஆடுதா? இப்ப நிதானமா இழுங்க. முழு வேரும் வரும்.”

வந்தது, எலிவாலைப் போல.

“வலிச்சிருக்காதே?” என்றார் அவர்.

“வாயத் திறந்து கத்துச்சா, பாருங்க!”

மூன்று நாளும் காலையில் இருவரும் பிடுங்கினார்கள். உதிர்ந்து கிடந்த முட்களுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். கடைத் துண்டுகளை நனைத்துப் புல்மேல் விரித்து அழுத்தி எடுத்தார். முட்கள் துண்டில் அப்பிக்கொண்டன.

“அடடா, ஃபேஷியல்!” என்றாள் டாக்டரம்மா.

மகள் வரும் நாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையும் முழங்காலும் ஊன்றிப் புல்தரை முழுக்கத் தவழ்ந்தார்.

“ஐயோ, பேத்திக்கு முன்னாடி தாத்தா தவழுறாரு!” என்று மனைவி வாசலில் நின்று சிரித்தாள்.

கடைசி மூலையில் “ஸ்ஸ்” என்றார். ஒரே ஒரு முள். டாக்டரம்மா மதிலைச் சுற்றி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து முள்ளை எடுத்தாள்.

“ஆண்டவன் புண்ணியம், எனக்குக் குத்துச்சு” என்றார் அவர், நிஜமான நிம்மதியோடு.

மாலையில் பேத்தியைப் புல்லில் இறக்கிவிட்டார்கள். அவள் இரண்டடி தவழ்ந்தாள், உட்கார்ந்தாள். குனிந்து, அவர் மட்டமாக வெட்டி வைத்திருந்த நல்ல புல்லை ஒரு கொத்தாகப் பற்றி, இரண்டு ஆட்டு ஆட்டி, வேரோடு பிடுங்கினாள்.

“நம்ம கட்சி!” என்று மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

முடிதிருத்துபவர் அந்தச் சின்ன உள்ளங்கையை விரித்து மண்ணைத் தட்டிவிட்டார். மண்ணைத் தவிர அதில் ஒன்றுமில்லை.