டிரைவர் சீட்டுக் கோபம்

வேனையே வீடாக்கிக்கொண்ட அந்தத் தம்பதிக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு போக வேறு அறை கிடையாது. கோபம் வந்தவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பின்னாலுள்ள திரையை இழுத்துவிட வேண்டியதுதான்.

இன்று நர்ஸ் மனைவி அங்கே போய் ஒரு மணி நேரமாகிறது. புது ஆஸ்பத்திரியில் வேலையோடு வீடும் தருகிறார்கள் என்று அவள் ஆரம்பித்ததுமே, "வேனை விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று வெட்டிவிட்டான் தச்சு வேலை செய்யும் கணவன்.

அவள் கைக்கு எட்டும் உயரத்தில் தான் அடித்த அலமாரிகளைப் பார்த்தான். அவள் இல்லாவிட்டால் இது வெறும் தகர டப்பா. திரையை விலக்கினான்.

"வேனை வித்துடலாம்மா. நீ வேலையில சேரு."

"வீடு வேணாம், வண்டி நிறுத்த நிழல் போதும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். என்னை முழுசாப் பேச விட்டாத்தானே?"

"இனிமே வாயே திறக்கல."

"எத்தனை நிமிஷத்துக்கு?" என்றபடி, பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து அவனுக்கு இடம் விட்டாள்.