குண்டம் இறங்கிய கால்

லட்சுமணசாமிக்கு எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். கணபதி பகுதியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்த மோட்டார் வந்தால் புதுக் காயில் சுற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். எந்தச் சுற்றில் எரிந்தது, ஏன் எரிந்தது என்று தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட மனிதர் தன் இடது குதிகாலில் இருந்த கரும்புள்ளியை மட்டும் இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார் என்றால், காரணம் இல்லாமலா இருக்கும்?

காரணம் ஊர் மாரியம்மன் கோயில் தீக்குண்டம். பூசாரிக்கு அடுத்துத் தீயில் இறங்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு. அவருக்குப் பின்னால் மனைவி சாந்தாமணி, அவளுக்குப் பின்னால் பாதி ஊர். விரதம் சுத்தமாக இருந்தால் தணல் பூவாகிவிடும் என்பது ஊரார் நம்பிக்கை. கால் சுட்டால் விரதத்தில் குற்றம். கறி தின்றானா, வேறேதாவது செய்தானா என்று டீக்கடையில் ஆராய்ச்சியே நடக்கும். அதனால் புள்ளி தெரிந்ததும், தணல் பட்ட வடு என்று தானாகவே முடிவு கட்டி மறைத்துவிட்டார்.

1996 ஆடியில் புள்ளி தடித்துக் கசிய ஆரம்பித்தது. முள் குத்தியது என்று ஒரு டாக்டரிடம் புளுகினார். அவர் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வாங்கத்தான் புருசனும் பெண்டாட்டியும் ராம்நகர் லேபுக்கு வந்திருந்தார்கள்.

லேபை நடத்திய டாக்டர் பொற்கொடி இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இது தோல்ல வர்ற புத்துநோயுங்க. மெலனோமான்னு பேரு. நாளைக்கே சர்ஜனைப் பாத்துருங்க. குதிகால்ல அந்தப் பகுதியை எடுக்க வேண்டி வரும்.”

சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லட்சுமணசாமியின் கண் மேசையிலிருந்த மைக்ராஸ்கோப்புக்குப் போனது. பிறவிக் குணம் எங்கே போகும்?

“ஏனுங்க டாக்டரம்மா, அந்தப் புத்தை நான் பாக்கலாமுங்களா?”

இப்படிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். பொற்கொடி சிரித்துவிட்டு மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினார்.

உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு கரை. அதற்குக் கீழே பழுப்புப் பொடி தூவிய செல்கள், கூட்டம் கூட்டமாக. தன் உடம்புதான் இது என்பதே அவருக்கு மறந்துபோனது.

“கீழ கீழ எறங்குதுங்களே, ஏனுங்க?”

“நடக்கறது அதுக்குப் புதுசில்லீங்க. நாம கருவா இருக்கறப்ப, தோலுக்கு நிறம் குடுக்கற இந்தச் செல்லு முதுகுத்தண்டுகிட்டப் பொறந்து, அங்கிருந்து நடந்தேதான் தோலுக்கு வந்து சேருது. வந்ததும் பக்கத்துச் செல்லோட கை கோத்து உக்காந்துக்கும். கை கோக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்குதுங்க. புத்து வந்தா அது இல்லாமப் போயிருது. கை விட்டதும் பழையபடி நடக்க ஆரம்பிச்சுருது.”

“இத்தனை பெருகறது எப்படிங்க?”

“பெருகினது போதும்னு நிறுத்தறதுக்கு உள்ள சில ஜீன் இருக்குது. அது கெட்டுப்போனா நிறுத்த ஆளில்லை.”

“ஸ்டார்ட்டர்ல ஆஃப் பட்டன் வேலை செய்யாத மாதிரிங்களா?”

“அதேதானுங்க! அப்படி ஒண்ணை இப்ப ரெண்டு வருசம் முன்னாலதான் கண்டுபுடிச்சாங்க.”

“வெயில்ல வருமுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. குதிகால்ல ஏதுங்க வெயிலு?”

“நம்ம சனங்களுக்கு உள்ளங்கால்லதான் இது அதிகமா வருது. ஏன்னு எங்களுக்கே இன்னும் தெரியலீங்க.”

படித்தவர்களுக்கும் தெரியாத ஒன்று தன் காலடியில் இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சூடு பட்டா வருமுங்களா?”

“ஆறாத சூட்டுப் புண்ணுல வர்றது வேற வகைங்க. ஏன், சூடு பட்டுதுங்களா?”

“இல்லீங்க, சும்மா கேட்டேன்.” மாரியாத்தா மேல் பழி இல்லை என்று மனசு லேசானது. “அப்புறம் இது நடந்து எங்க போகுமுங்க?”

“கால்ல கிளம்பினா மொதல்ல நிக்கறது தொடையிடுக்குல. கால்ல புண்ணு வந்தா அங்க நெறி கட்டுமில்லீங்களா, அதே எடம். உங்களுக்கு ஏதாச்சும் கட்டியிருக்குதுங்களா?”

லட்சுமணசாமி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் இப்போது எதையும் பார்க்கவும் இல்லை.

கட்டியிருந்தது. வேப்பங்கொட்டை அளவில், வலியே இல்லாமல். ஒவ்வொரு குண்டத்துக்குப் பிறகும் நெறி கட்டும், புண் ஆறினால் வற்றிவிடும். இந்த முறை வற்றவில்லை. சொன்னால், வருடா வருடம் கால் சுட்டதையும் சொல்லியாக வேண்டும், அதுவும் அவர் காலடியை நம்பிப் பின்னால் இறங்குகிறவள் பக்கத்தில் இருக்கும்போது. இல்லை என்று சொல்லி, சர்ஜனையும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டால் மானம் பிழைக்கும். குதிகாலை வெட்டி எறிவார்கள். கை விட்டு நடந்தது மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். எரிந்த சுற்றை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுற்றை மாற்றுகிறவனை அவர் பட்டறையில் ஒரு நாள் வைத்திருப்பாரா?

“இருக்குதுங்க,” என்றார். “குண்டத்துல கால் சுட்ட நெறின்னு உட்டுப்போட்டனுங்க. எனக்கு எல்லா வருசமும் சுடுமுங்க.”

சாந்தாமணியைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பொற்கொடி உடனே சர்ஜனுக்குப் போன் போட்டார். “சார், கால் மட்டுமில்லை, தொடையிடுக்கையும் சேத்துப் பாக்கணும். அவரே சொல்லிட்டாரு, நல்லதாப் போச்சு.”

போனை வைத்தபோது, சாந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஸ்டூல் மேல் வைத்திருந்தாள். உள்ளங்காலில் வெளுத்தும் சுருங்கியும் நாலைந்து தழும்புகள். பொற்கொடி லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“வெறும் சூட்டுத் தழும்புதானுங்க. பயமில்லை.”

லட்சுமணசாமி அந்தக் காலைக் கையில் வாங்கிக்கொண்டார். ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் பிரித்துப் பார்த்தவர், கட்டினவளின் காலை இப்போதுதான் பார்க்கிறார்.

“உனக்குமா? அப்ப நமக்குப் பின்னால வர்றவங்கெல்லாம்?”

“முன்னால போற பூசாரியை உட்டுப்போட்டீங்களே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“நீங்க சுடாத மாதிரியே நடந்தீங்க. எனக்குச் சுட்டுச்சு. குத்தம் எம்மேலதான்னு வருசா வருசம் விரதத்தைக் கூட்டிக் கூட்டிப் பட்டினி கெடந்தனுங்க.”

அவர் காலை விடவில்லை. ‘உனக்கும் சுடுதா?’ இத்தனை வருடமும் தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்று தோன்றியது.